விமானத்துக்கு ஒரு நீதி, கூலிக்கு ஒரு நீதியா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நாட்டு நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் தலைமையகம் வைத்துள்ள கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கம்பெனி, உலகெங்குமுள்ள தன் வாடிக்கைக்காரர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. ‘அப்டேட்’ என்று அதற்குப் பெயர். வந்த வேகத்தில் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி விழுந்தன. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பாதி எழுந்து, மீண்டும் விழுந்தன. எழுவதும் விழுவதுமே அவற்றின் வேலையாயிற்று.

தவறு தெரிந்து கம்பெனி அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டபோது மணி 10.57. இடையில் கழிந்தது 78 நிமிஷம். அந்த 78 நிமிஷத்தில் விழுந்த கம்ப்யூட்டர்கள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாப்ட் கம்பெனி மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஒன்று எங்கே இருந்தது? விமான நிலையத்தில், பாங்கியில், ஆஸ்பத்திரியில், தொலைக்காட்சி நிலையத்தில் இருந்தது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஒத்திவைத்தது. இங்கிலாந்தில் டாக்டர்கள் நோயாளிகளின் பதிவேட்டைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். நம் நாட்டில் இண்டிகோ கம்பெனி மட்டும் சுமார் 190 விமானங்களை ரத்து செய்தது.

இது கடந்த கதைதானே, விமானம் ஏறுகிறவர்களின் கதைதானே, செஞ்சியில் நாற்று நடுகிறவருக்கும் மில்லில் நூல் முடிகிறவருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது தோழர்களே. நம் அரிசியும் நம் கூலியும் இன்று இதே மாதிரி யந்திரங்களின் வழியாகத்தான் வருகின்றன. ஆகவே என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்குப் பொழுதுபோக்கு அல்ல.

நோய் என்ன?

கிரௌட்ஸ்ட்ரைக் விற்பது ஒரு காவல் புரோகிராம். திருட்டுப் புரோகிராம்கள் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வாசலில் உட்காரும் காவல்காரன் மயங்கி விழுந்தால் வீடு விழாது. ஆனால் இது வாசலில் உட்காருவதில்லை. கம்ப்யூட்டரின் உள்ளறைக்குள், அதன் உயிர்நாடியோடு ஒட்டி உட்காருகிறது. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே இதுவும் விழிக்கும். இது விழுந்தால் கம்ப்யூட்டரும் கூடவே விழும்.

ஏன் விழுந்தது? கம்பெனியே 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் விவரம் இருக்கிறது. நமக்குப் பழக்கமான வருகைப் பதிவேட்டை வைத்துச் சொல்கிறோம். பதிவேட்டில் 21 கலம் இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. குமாஸ்தாவின் கையில் கொடுத்த தாளிலோ 20 கலம்தான். குமாஸ்தா உத்தரவுப்படி 21ஆவது கலத்தைப் படிக்கப் போகிறார். அங்கே தாளே இல்லை. மனிதனாக இருந்தால், ‘இங்கே ஒன்று குறைகிறதே’ என்று கேட்டிருப்பார். யந்திரத்துக்குக் கேட்கத் தெரியாது. இல்லாத இடத்தில் கையை விட்டது. அந்த இடத்திலேயே எல்லாம் நின்றது. இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்க வேண்டிய சோதனைப் புரோகிராமிலும் ஒரு கோளாறு. அதுவும் ‘சரி’ என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டது.

தவறு செய்யாத தொழிலாளியும் இல்லை, இஞ்சினியரும் இல்லை. ஆகவே தவறு நேர்ந்ததல்ல நம் குற்றச்சாட்டு. மில் தோழர்களைக் கேட்கிறோம்: புதுப் பஞ்சுக் கலவை வந்தால் மேஸ்திரி என்ன செய்வார்? முதலில் ஒரு பிரேமில் ஓட்டிப் பார்ப்பார். நூல் அறுகிறதா என்று கவனிப்பார். பிறகுதான் மற்ற பிரேம்களுக்கு விடுவார். விவசாயத் தோழர்களைக் கேட்கிறோம்: பெயர் தெரியாத புது விதையை முழு நிலத்திலும் தெளிப்பவன் உண்டா? ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்காமல் எவனாவது தெளிப்பானா? எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன் அறிந்த இந்த எளிய புத்தியை, கோடி கோடியாகப் பணம் புரளும் கம்பெனி பின்பற்றவில்லை. ஒரே நேரத்தில் உலகம் முழுவதற்கும் அனுப்பியது. இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக, படிப்படியாக அனுப்புவோம் என்று விபத்துக்குப் பிறகுதான் வாக்குறுதி கொடுத்தது.

மருந்து எங்கிருந்து வந்தது?

கெடுத்தது ஒரு நொடியில், ஒரே இடத்திலிருந்து, ஒரே உத்தரவில். ஆனால் சரிசெய்தது எப்படி? இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

கம்பெனி கோப்பைத் திரும்பப் பெற்ற பிறகும், விழுந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை எழவில்லை. எழுந்து நின்றால்தானே புது உத்தரவைக் காதில் வாங்க முடியும்? ஆகவே தூரத்திலிருந்து சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு மனிதர் நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. ‘சேஃப் மோட்’ என்ற பத்திய நிலையில், அதாவது வேண்டாத புரோகிராம் எதையும் எழுப்பாமல், கம்ப்யூட்டரை மட்டும் எழுப்ப வேண்டும். கிரௌட்ஸ்ட்ரைக் பெயரிலுள்ள அடைவுக்குள் நுழைந்து, ‘சி-00000291’ என்று தொடங்கும் கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். பிறகு சாதாரணமாக எழுப்ப வேண்டும். சில கம்ப்யூட்டர்களுக்குப் பூட்டு வேறு. அதைத் திறக்க 48 இலக்கச் சாவி எண். அந்தச் சாவி எண் பட்டியலும் சில இடங்களில் விழுந்து கிடந்த இன்னொரு கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது!

இந்த வேலையைச் செய்தவர் யார்? கம்பெனி முதலாளியா? பங்குதாரர்களா? இல்லை. உலகெங்கும் ஆபீஸ்களின் கடைசி அறையில் உட்காரும், பெயர் தெரியாத சம்பளக்காரர்கள். மேஜை மேஜையாக, மாடி மாடியாக, பென்டிரைவும் கையுமாக இரவு பகல் பாராமல் ஓடினார்கள். ஜூலை 25 அன்று 97 சதவீதத்துக்கு மேல் சரியாகிவிட்டது என்று கம்பெனி அறிவித்தபோது, அந்த எண்ணுக்குள் இருந்தது லட்சோப லட்சம் தொழிலாளர்களின் கையுழைப்பு. எவ்வளவு பெரிய யந்திரமானாலும் அது படுத்துவிட்டால் தூக்கி நிறுத்துவது தொழிலாளியின் கைதான். இதை நாம் மறக்க வேண்டாம்.

நஷ்டம் யாருக்கு?

அமெரிக்காவின் மிகப் பெரிய 500 கம்பெனிகளுக்கு மட்டும் நேரடி நஷ்டம் 540 கோடி டாலர் என்று பாராமெட்ரிக்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. நம் பணத்தில் சுமார் 45 ஆயிரம் கோடி ரூபாய். டெல்டா என்ற விமானக் கம்பெனி ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்தது. தனக்கு 50 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குச் சொல்லி வழக்குப் போட்டது. கிரௌட்ஸ்ட்ரைக்கின் வக்கீல் என்ன பதில் எழுதினார்? எங்கள் பொறுப்பு ஒப்பந்த ஷரத்துப்படி ஒற்றை இலக்க மில்லியன் டாலரைத் தாண்டாது என்று எழுதினார். லாபத்துக்கு எல்லை கிடையாது. பொறுப்புக்கு மட்டும் எல்லை! ஏகபோகத்தின் முழு லட்சணமும் இந்த ஒரு ஷரத்தில் இருக்கிறது.

இதோடு முடியவில்லை. 2025 மே மாதம் அதே கம்பெனி தன் ஊழியர்களில் 5 சதவீதம் பேரை, சுமார் 500 பேரை, வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்பது! 85 லட்சம் கம்ப்யூட்டரை மனிதக் கை எழுப்பிப் பத்து மாதம் ஆகவில்லை, மனிதக் கை வேண்டாம் என்கிறார்கள்.

‘கம்யூனிஸ்டுகள் எப்போதுமே கம்ப்யூட்டருக்கு எதிரிகள்’ என்று இங்கே சில பத்திரிகைகள் பழைய பாட்டைப் பாடும். 1960களில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கம்ப்யூட்டரை எதிர்த்துக் கல்கத்தாவில் நின்றதை எடுத்துக்காட்டிச் சிரிப்பார்கள். அந்த ஊழியர்கள் கேட்டது ஒரே கேள்வி: இந்த யந்திரம் யாருடைய வேலையைக் குறைக்க வருகிறது, யாருடைய வேலையைப் பறிக்க வருகிறது? 2025இல் வேலை இழந்த அந்த 500 பேரைக் கேட்டால், அந்தக் கேள்வி பழசாகிவிட்டதா இல்லையா என்று சொல்வார்கள். யந்திரம் வேறு, அதை முதலாளி கையாளும் விதம் வேறு. இந்த வித்தியாசத்தைத் தொழிலாளி வர்க்கம் அனுபவத்தில்தான் கற்றது என்று மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதன’த்தில் விளக்கியிருக்கிறார். நாம் யந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. அதன் கடிவாளம் யார் கையில் என்று கேட்கிறோம்.

கோட்டை சொல்லும் பாடம்

செஞ்சியில் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைக்கப் புத்தகம் வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் போதும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பிரமுகர்கள் வாழ்த்துச் செய்தி விட்டார்கள். ஆனால் அந்தக் கோட்டை எப்படித் தாக்குப் பிடித்தது என்பதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் இணைத்து மதில். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான ஒரு பிளவு, அதன் மேல் ஒரு சிறு பாலம். அந்த ஒற்றைப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் ஏற முடியாது. ஆனால் பாலம் போனாலும் மேலே இருப்பவர்கள் சாகக் கூடாது என்று உச்சியிலேயே தண்ணீரும் தானியக் களஞ்சியமும் வைத்தார்கள். அவுரங்கசீப்பின் சேனை 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டு கீழே காத்துக் கிடக்க நேர்ந்தது சும்மாவா?

ராஜாக்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கட்டியது அது, மக்களுக்காக அல்ல. இருந்தாலும் ஒரு பாடம் இருக்கிறது. சோற்றையும் தண்ணீரையும் ஒற்றைப் பாலத்தை நம்பி விடக் கூடாது. இன்றைய சர்க்கார்கள் என்ன செய்திருக்கின்றன? ஏழையின் அரிசியையும் கூலியையும் ஒற்றைப் பாலத்துக்கு அப்பால் வைத்துவிட்டு, பாலத்தின் கயிற்றை எங்கேயோ இருக்கும் ஒரு சர்வரின் கையில் கொடுத்திருக்கின்றன.

காகிதம் யாருக்கு?

ஜூலை 19 அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் நடந்ததை மீண்டும் பாருங்கள். யந்திரம் நின்றது. உடனே என்ன செய்தார்கள்? பேனாவை எடுத்தார்கள். பயணியின் பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாவற்றையும் கையால் எழுதி அனுமதிச் சீட்டுக் கொடுத்தார்கள். அதைக் காட்டிப் பயணிகள் விமானம் ஏறினார்கள். ‘கையால் எழுதியது செல்லாது, சர்வர் வரும்வரை வீட்டுக்குப் போங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை. அது சரியான காரியம். நாம் குறை சொல்லவில்லை.

கிராமத்தில் என்ன நடக்கிறது? ரேஷன் கடையில் கைரேகை யந்திரம் வேலை செய்யவில்லை. நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரலை வைத்தால் அது ஏற்கவில்லை. ‘சர்வர் இல்லை, நாளைக்கு வாங்கம்மா.’ நாளை என்பது எளிதாகச் சொல்லும் வார்த்தை. ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. ஏழை வீட்டில் அது ஒரு வேளை உலை.

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும், பணித்தளத்தில் தினம் இரண்டு முறை போட்டோ எடுத்து செல்போன் ஆப் வழியாக ஏற்றினால்தான் வருகை என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. ஏரிக்குள் நிற்கிறவர்களுக்கு டவர் கிடைக்காவிட்டால்? ஆப் திறக்காவிட்டால்? மண்வெட்டி பிடித்தது உண்மை, மண் வெட்டியது உண்மை, வியர்வை உண்மை. ஆனால் போட்டோ ஏறவில்லை என்றால் அந்த நாளே இல்லை! விதிவிலக்கு இல்லையா என்றால், உண்டு. மாவட்ட நிர்வாகம் அனுமதித்தால் கைப்பதிவை ஏற்கலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். விமான நிலையத்தில் ஓர் ஊழியரின் பேனா போதும். ஏரியில் மண் வெட்டியவருக்கு மாவட்டத் தலைமையின் உத்தரவு வேண்டும். இது என்ன நியாயம்?

திருட்டைத் தடுக்கத்தானே இந்த ஏற்பாடு என்பார்கள். தடுத்ததா? போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி மந்திரி சபையே சுற்றறிக்கை விட்டது. திருடன் வழி கண்டுபிடித்துக்கொண்டான். மாட்டிக்கொண்டவர் உழைத்தவர்தான். கூலி தாமதமானால் ஈடு உண்டு என்று அன்றைய சட்டம் சொன்னது. எவ்வளவு? நாளொன்றுக்கு 0.05 சதவீதம். 300 ரூபாய் கூலிக்கு 15 காசு! 2025 டிசம்பரில் மோடி சர்க்கார் 2005ஆம் ஆண்டின் அச்சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டது. நூறு 125 ஆகிறது என்று தம்பட்டம் அடித்தார்கள். கைரேகைச் சோதனையும் மின்னணுக் கண்காணிப்பும் அதிலும் எழுதப்பட்டிருக்கின்றன. யந்திரம் நின்றால் கூலி நிற்காது என்ற உத்தரவாதம் எங்கே?

இது வெறும் அசௌகரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா ஜில்லாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. சோறு கேட்டபடியே மகள் இறந்தாள் என்று தாய் சொன்னாள். அதிகாரிகள் பட்டினியல்ல, நோய் என்றார்கள். ஆனாலும் அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது, விதிவிலக்காகக் கொடுப்பதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மத்திய சர்க்கார் சுற்றறிக்கை அனுப்பியது. பதிவேடும் பேனாவும் போதும் என்று அவர்களுக்கே தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

என்ன கேட்கிறோம்?

முதலாவது: ஒவ்வொரு ரேஷன் கடையிலும் ஒவ்வொரு பணித்தளத்திலும் எண்ணிட்ட காகிதப் பதிவேடு இருக்க வேண்டும். யந்திரம் நின்ற அந்த நிமிஷமே அதில் எழுதி, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, அரிசியும் வருகையும் தர வேண்டும். மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது: யந்திரக் கோளாறால் போன நாளுக்கு முழுக் கூலி. 15 காசு அல்ல.

மூன்றாவது: மக்கள் உயிர் வாழும் காரியங்களுக்கான புரோகிராம் மக்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எந்த மாற்றமும் முதலில் சில இடங்களில் ஓடிப் பார்த்துத்தான் பிற இடங்களுக்குப் போக வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்க்கக்கூடிய, திருத்தக்கூடிய திறந்த மென்பொருளைக் கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். திறந்த மென்பொருளிலும் கோளாறு வரும். ஆனால் திருத்துவதற்கு டெக்ஸாஸ் கம்பெனியின் தயவு வேண்டியதில்லை. ஜூலை 19 அன்று சீனா பெருமளவு தப்பித்ததற்குக் காரணம் மந்திரமல்ல. அந்தக் கம்பெனியின் காவல்காரனை அங்கே அதிகம் குடிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான்காவது: விழுந்த யந்திரத்தை எழுப்பும் ஒப்பந்த ஆபரேட்டர்களை நிரந்தரமாக்க வேண்டும். ரேஷன் கடை ஊழியரும் பணித்தளப் பொறுப்பாளரும் நம் எதிரிகள் அல்ல. சர்வர் நின்றால் ஜனங்களின் வசவை வாங்குபவர்கள் அவர்கள்தான். கோபத்தை அவர்கள் மேல் காட்டாதீர்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பணித்தளம் ஒவ்வொன்றிலும் நம் தோழர் ஒருவர் நோட்டுப் புத்தகம் வைத்துத் தினமும் வந்தவர் பெயரை எழுதட்டும். யந்திரம் ‘வரவில்லை’ என்று சொல்லும் நாளில் அந்த நோட்டுத்தான் நம் சாட்சி. சங்க ஆபீஸில் கம்ப்யூட்டர் இருந்தால் உறுப்பினர் பட்டியலின் பிரதி ஒன்றைப் பென்டிரைவிலும் ஒன்றைக் காகிதத்திலும் வையுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் எழாவிட்டால் பதற வேண்டாம். இரண்டு மூன்று முறை எழ முடியாமல் போனால் பெரும்பாலும் அதுவே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் கடைசி அப்டேட்டை நீக்கும் வழியும் சேஃப் மோடும் இருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லும் கடைக்காரரின் பேச்சைக் கேட்பதற்கு முன், அதைச் செய்து பாருங்கள்.

இங்கிருந்து புதுச்சேரி தொலைவில்லை. 1936 ஜூலை 30 அன்று அங்கே மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியம் சுட்டது. 12 தோழர்கள் மாண்டார்கள். அன்று மில்லின் சங்கும் கடிகாரமும் முதலாளியின் கையில் இருந்தன. எது ஒரு நாள் வேலை என்று அவன்தான் சொன்னான். எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலை என்று திருப்பிச் சொன்னது தொழிலாளியின் ஒற்றுமை. இன்று எது ஒரு நாள் வேலை என்று ஒரு சர்வர் சொல்கிறது. அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

வருகிற கிராம சபையில் கேளுங்கள். ரேஷன் கடை வாசலில் கேளுங்கள். மில் கேட்டில் கேளுங்கள். விமானம் ஏறுகிறவருக்குச் செல்லுபடியாகும் பேனா, மண் வெட்டுகிறவருக்கும் செல்லுபடியாகட்டும்!